அவள் கொண்டுவந்த காணத் துவையல்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்பு, உயிரியல் பிரிவில் படிக்கிறேன். எங்கள் வீடு தாமிரபரணிக் கரையோரம் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, நான்கு நாள் முகாமில் இருந்தோம். யார் யாரோ சோறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா மட்டும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், சமைக்கிற இடத்துக்குப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அங்கே கொடுத்தவர்களைப் பார்த்த பிறகுதான் நானும் பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி, தென்காசிச் சாலையில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவளுடைய அம்மா பீடி சுற்றுகிறார். ஜூன் மாதம் அவளுடைய பையின் வார் அறுந்து, அதை ஊசிநூலால் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நான் உண்டியலில் சேர்த்திருந்த 1,350 ரூபாயில் ஒரு பையும் ஒரு ஜோடி செருப்பும் வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாள் கழித்து வகுப்பு ஆசிரியைக்கு இது தெரிந்து, காலைப் பிரேயரில் என் பெயரையும் அவள் பெயரையும் சொல்லிப் பாராட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவள் மதியம் என்னோடு சாப்பிடுவதில்லை. அவள் வீட்டுக் கஷ்டம் தெரிந்ததிலிருந்து, அவள் கொண்டுவரும் காணத் துவையலை (கொள்ளுத் துவையல்) நான் வாங்குவதை நிறுத்தியிருந்தேன், அவளுக்கே போதாதே என்றுதான். மற்றபடி நான் எதுவும் செய்யவில்லை.

இது போக, நான்கைந்து பேர் ரெக்கார்டு நோட்டைக் கொடுத்துப் படம் வரைந்து தரச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. வரைந்து முடிக்க இரவு பன்னிரண்டு மணி ஆகிறது. காலை ஐந்து மணிக்கு டியூஷனுக்கு எழுந்திருக்க வேண்டும். அம்மா 'ஏமாளி' என்று திட்டுகிறார். போன வாரம் தமிழ் வகுப்பில் பள்ளி வாழ்வும் மகிழ்ச்சியும் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். கொடுப்பதுதான் மகிழ்ச்சி என்று எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் படிக்கச் சொன்னார்கள். படிக்கும்போது பொய் சொல்வதுபோல் தொண்டையை அடைத்தது. கொடுத்தால் மகிழ்ச்சி வரும் என்பது உண்மையா? கை தட்டியபோது எனக்குப் பிடித்திருந்தது; அப்படியென்றால் நான் பெயருக்காகக் கொடுக்கிறவளா? என் தோழி என்னிடம் திரும்பிவர நான் என்ன செய்ய வேண்டும்? என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்பு மகளுக்கு,

நீ கேட்டிருக்கும் மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் என்னால் நேரடியாகப் பதில் சொல்லிவிட முடியும். மூன்றாவது கேள்விக்கான பதிலை, அதுதான் பதில் என்று தெரியாமலேயே நீ உன் கடிதத்தில் எழுதிவிட்டாய். அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

கொடுத்தால் மகிழ்ச்சி வரும் என்பது உண்மைதான். பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த இதனை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகிய மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 46 பேருக்குக் காலையில் ஆளுக்கு 5 டாலரோ 20 டாலரோ உறையிலிட்டுக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குள் அதைச் செலவழித்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். சிலர் அதைத் தங்களுக்காகவும், மற்றவர்கள் பிறருக்காகவும் செலவழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாலையில் விசாரித்தபோது பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். உறையில் இருந்தது ஐந்தா இருபதா என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. அக்னினும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தமானது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு பொம்மைக்கு ஊட்டும் வாய்ப்பையும் தந்து, அவர்களுடைய முகங்களைக் கவனித்தார்கள். தாங்கள் தின்பண்டம் வாங்கியபோது மலர்ந்ததைவிட, பொம்மைக்கு ஊட்டியபோது அந்த முகங்கள் அதிகம் மலர்ந்தன. அதிலும், ஆய்வாளர் புதிதாக எடுத்துக் கொடுத்த பண்டத்தை ஊட்டியபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்தில் கிடந்ததை எடுத்து ஊட்டியபோது மலர்ச்சி கூடுதலாக இருந்தது. பெயர், புகழ் என்பவையெல்லாம் என்னவென்றே தெரியாத வயதில் காணப்படும் மகிழ்ச்சி இது. ஆகவே, உன் தோழி பையை வாங்கிக்கொண்டு சிரித்த அந்த நிமிடத்தில் உன் நெஞ்சுக்குள் ஏற்பட்ட நிறைவைச் சந்தேகப்படாதே. நீ கட்டுரையில் பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்ட பகுதி ஒன்று இருந்ததால்தான் தொண்டை அடைத்தது.

விட்டுப்போன அந்தப் பகுதியில் ஒன்று ரெக்கார்டு நோட்டு. நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் ஆகிய இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி செய்தவர்களுக்கு மனநிறைவு எப்போது கிடைக்கிறது என்று பார்த்தார்கள். தானாக விரும்பிச் செய்தவர்களுக்கு நிறைவு கூடியது. செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் செய்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. உதவி பெற்றுக்கொண்டவர்களுக்கும்கூட, விரும்பிச் செய்யப்பட்ட உதவியே அதிக நன்மை தந்தது. பைக்கும் செருப்புக்கும் நீ உண்டியலை உடைத்தது உன் விருப்பம், யாரும் கேட்கவில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு மற்றொருத்தியின் நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து, பென்சிலைச் சீவிச் சீவி அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பது உன் விருப்பம் அன்று. மாட்டேன் என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் அங்கே பென்சிலைப் பிடித்திருக்கிறது. இரண்டையும் 'கொடுத்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு நீ கட்டுரை எழுதியதால், ஒன்றில் கிடைத்த இன்பத்தை மற்றொன்றின் அலுப்பு விழுங்கிவிட்டது.

நாளைக்கே ஒருத்தி நோட்டை நீட்டினால், "வரைந்து தர மாட்டேன், மதியம் பத்து நிமிடம் உட்கார், எப்படி வரைவது என்று காட்டுகிறேன்" என்று சொல். இந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் நின்று நான்கைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகு. என்னிடம் வரும் மாணவிகளிடம் இதை நான் செய்யச் சொல்வதுண்டு. மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பதும் நாக்கால் சொல்லிப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஐந்து பேரில் இரண்டு பேர் உட்காருவார்கள்; மூன்று பேர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும். ரெக்கார்டு நோட்டு செய்முறைத் தேர்வுக்காக அவரவர் கையால் எழுத வேண்டிய ஒன்று. அதை நீ வரைந்து கொடுப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது மதிப்பெண் மட்டும்தான், பாடம் கிடைப்பதில்லை.

உன் தூக்கத்தைப் பற்றியும் இங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். 13 வயது முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. நீ தூங்குவது ஐந்து மணி நேரம். தூக்கம் குறைந்த உடம்புக்குச் சிறிய வருத்தமும் பெரிதாகத் தெரியும். அழுகை சட்டென்று வரும். பாடம் மனத்தில் தங்காது. உன் அம்மா 'ஏமாளி' என்று சொல்லும்போது அவருடைய கண் உன் முகத்தில் இருக்கும் கருவளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம். இரவு ஒன்பது மணிக்குள் புத்தகத்தை மூடிவிட்டுப் படு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கை தட்டல் பிடித்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். பதினாறு வயதில் நானூறு பேர் கை தட்டி, அது பிடிக்காமல் போயிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். நீ பையை வாங்கியபோது கை தட்டலைப் பற்றி நினைக்கவில்லை. அது பின்னால் வந்தது. ஒரு காரியத்தில் அன்பும் பெருமையும் கலந்திருப்பது மனித இயல்பு. அடுத்த முறை ஒருவருக்குக் கொடுக்க நினைக்கும்போது, இது யாருக்கும் தெரியாமல் போனாலும் கொடுப்பேனா என்று ஒரு தடவை உன்னையே கேட்டுக்கொள். ஆம் என்று வந்தால் கொடு, அதற்கு மேல் உன்னை நீயே விசாரணைக் கூண்டில் ஏற்றிக்கொள்ளாதே.

இனி உன் தோழி. அவளைப் பற்றிப் பேசுவதற்கு, நான் வாங்கிக்கொண்ட கதை ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1986-இல் நான் ஆறாம் வகுப்பு. மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் படித்தேன். அப்பா தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குப் பாவாடைத் துணி கொடுத்தார். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெஞ்சின் கால் ஆடும். 'தகப்பனார் இல்லாத பிள்ளைகள்' என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். நான் ஏறினேன். பழுப்புத் தாளில் சுற்றிய துணியின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவர் விடவில்லை. புகைப்படக்காரர் சரிபார்த்து முடிக்கும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தத் தாளில் என் விரல் வியர்வை ஊறி, பிடித்த இடம் மட்டும் கறுத்துவிட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. வான நீலத் துணி, கஞ்சி வாசம் போகாத நல்ல துணி. அம்மா ஆசையாகத் தைத்துக் கொடுத்தார். ஒரே ஒரு நாள் உடுத்திக்கொண்டு போனேன். வகுப்பில் ஒருத்தி, "எங்க மாமா குடுத்த துணிலா அது" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் சொன்னாள். வீட்டுக்கு வந்து, பாவாடை இடுப்பில் இறுக்குகிறது என்று அம்மாவிடம் பொய் சொல்லி அதைப் பெட்டியில் வைத்தேன். பிறகு எடுக்கவே இல்லை.

அந்தப் பெரியவர் நல்லவர். உன் ஆசிரியையும் நல்லவர். மாணவி ஒருத்தி செய்த நற்செயலைப் பார்த்து நெகிழ்ந்துபோய், மற்றப் பிள்ளைகளும் அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்லியிருக்கிறார். ஆனால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உன் பெயரோடு அவள் பெயரும் சொல்லப்பட்டபோது, கொடுத்தவளுக்குக் கிடைத்த ஒவ்வொரு கைத்தட்டலும் வாங்கியவளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அறுந்த வாரைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்த பெண் அவள்; அந்தத் தையலில் அவளுடைய ரோஷம் இருந்தது. ஒரே நாளில் அவள் பள்ளிக்கு முழுவதும் 'பை வாங்கிக்கொண்ட பிள்ளை' ஆகிவிட்டாள். இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைகளின் நற்செயலைப் பாராட்டுங்கள், ஆனால் பெற்றுக்கொண்ட பிள்ளையின் பெயரை மேடைக்குக் கொண்டுவராதீர்கள்.

அதே பள்ளியில், அதே ஆண்டில் வேறொரு விதமாகவும் வாங்கியிருக்கிறேன். 1956-இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்ததை நீ பாடத்தில் படித்திருப்பாய். 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்து, 1984 முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் கிடைத்தது. அப்படித்தான் எனக்கும் கிடைத்தது. அந்த வரிசையில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. தட்டை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம், ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

அங்கே சமைத்த ஆயாம்மா, எனக்குப் பசி அடங்காது என்பதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, சட்டி கழுவணும்லா, இந்த ரெண்டு கரண்டியையும் வாங்கிக்கிடு, எனக்கு வேல மிச்சம்" என்பார். நான் தட்டை நீட்டுவேன். சாப்பிட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்கக் கேளாமல், அந்தப் பெரிய கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போவேன். அவருடைய வேலையைக் குறைக்கிறோம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். அந்த ஆண்டு முழுவதும் நான் நிமிர்ந்த தலையோடு வயிறு நிறையச் சாப்பிட்டதற்கு, அந்தக் கரண்டியைக் கழுவ அவர் என்னை அனுமதித்தது காரணம்.

இப்போது உன் கடிதத்தில் நான் சொன்ன அந்த வரிக்கு வந்துவிட்டோம். 'அவள் கொண்டுவரும் காணத் துவையலை நான் வாங்குவதை நிறுத்தியிருந்தேன், அவளுக்கே போதாதே என்றுதான்.' இதை எழுதிவிட்டு, 'மற்றபடி நான் எதுவும் செய்யவில்லை' என்று சேர்த்திருக்கிறாய்.

நான் அவள் வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் பீடி சுற்றும் வீடுகளை நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும், சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டி, கட்டுக் கட்டாக அடுக்கி, ஆயிரம் எண்ணிக்கை சேர்ந்தால்தான் கூலிக் கணக்கு. அந்த வேலைக்கு நடுவே காலையில் எழுந்து காணத்தை வறுத்து, மிளகாய் வற்றலும் பூண்டும் புளியும் தேங்காயும் வைத்துத் துவையல் அரைக்கிற ஒரு தாய், தன் மகளுக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குத் தன் துவையல் பிடிக்கும் என்று கேள்விப்பட்டால் என்ன செய்வார் என்று நினைக்கிறாய்? ஒரு கைப்பிடி காணத்தைக் கூடுதலாகப் போட்டு வறுத்திருப்பார். அந்த டப்பாவில் உன் பங்கு என்று ஒன்று இருந்தது. நீ வேண்டாம் என்று சொன்ன முதல் நாள், அது மிச்சத்தோடு வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கும். "ஏன், அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலையா?" என்று அந்த அம்மா கேட்டிருப்பார். உன் தோழி என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று நீ ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீ வாங்க மறுத்தது இரக்கத்தால். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விளைவைப் பார். அதற்கு முன்னால் நீங்கள் இருவரும் ஒருவர் டப்பாவில் ஒருவர் கை வைத்துச் சாப்பிடும் தோழிகள். அவள் துவையல் கொடுத்தாள், நீ உன் வீட்டுப் பொரியலைக் கொடுத்தாய். துவையலை நிறுத்திவிட்டுப் பையைக் கொடுத்தபோது, போக்குவரத்து ஒருவழியாகிவிட்டது: நீ கொடுக்கிறவள், அவள் வாங்குகிறவள். அதற்குமேல் பிரேயரில் பெயரும் சொல்லப்பட்டதும், உன் பக்கத்தில் உட்கார அவளுக்கு இடம் இல்லாமல் போயிற்று. நான் மேலே சொன்ன ஆய்வுகளை மறுபடி நினைத்துப் பார். கொடுப்பதால் கிடைக்கும் மகிழ்ச்சி பணம் உள்ளவருக்கு மட்டும் உரியதன்று. ஐந்து டாலருக்கும் இருபது டாலருக்கும் வேறுபாடில்லை, தன் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் குழந்தைக்கே அதிக மலர்ச்சி. அந்த மகிழ்ச்சி உன் தோழிக்கும் வேண்டியிருந்தது. அவளிடம் இருந்த கிண்ணம் அந்தத் துவையல் டப்பா. அவள் கஷ்டப்படுகிறாளே என்று நினைத்து, கஷ்டத்திலும் அவளுக்கு மிஞ்சியிருந்த அந்த ஒன்றையும் நீ அறியாமல் எடுத்துவிட்டாய்.

இது கடுமையாகத் தோன்றினால், உன் அம்மாவை நினைத்துக்கொள். முகாமில் நான்கு நாள் சோறு கிடைத்தது. யாரும் அவரை வேலை செய்யச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் வெங்காயம் உரிக்கப் போனார். வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது, பாத்திரம் பண்டம் எல்லாம் மிதக்கின்றன, கையில் இருப்பது இரண்டு கை மட்டும். அந்தக் கையால் எதையாவது செய்துவிட்டுத்தான் அவரால் தட்டை நீட்ட முடிந்தது. நீ முகாமில் கொடுத்தவர்களைக் கவனித்ததாக எழுதியிருக்கிறாய். வாங்கியவர்களையும் கவனித்திருக்கிறாய், இல்லையென்றால் அந்த வெங்காயம் உன் கடிதத்தில் வந்திருக்காது. இன்று இரவு அம்மாவிடம், அன்றைக்கு ஏன் அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று கேள். உன் தோழியைப் பற்றி என்னைவிட அவர் உனக்கு நன்றாகச் சொல்லுவார்.

அந்த டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோய், ஏறத்தாழ 800 பயணிகள் மாட்டிக்கொண்டதும், பக்கத்தில் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் கையிருப்பிலிருந்து சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டதும் உனக்கு நினைவிருக்கும். டிக்கெட் எடுத்து, மறுநாள் காலை ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தவர்கள், விடிந்தபோது யாரோ கொடுத்த உணவுக்காகக் காத்திருந்தார்கள். வாங்குகிற இடத்துக்கு எவரும் வரக்கூடும். உன் குடும்பமும் வந்தது, என் குடும்பமும் வந்தது. உன் தோழியின் குடும்பம் மட்டும் வேறு வகையைச் சேர்ந்ததில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். முதலில், செய்யக் கூடாதவற்றைச் சொல்கிறேன். அவளைச் சமாதானப்படுத்த இன்னொரு பொருள் வாங்கிக் கொடுக்காதே. அந்தப் பையை அவள் போட்டுக்கொண்டு வருகிறாளா, பழைய பையையே போட்டுக்கொண்டு வருகிறாளா என்று பார்வையால்கூட விசாரிக்காதே. கொடுத்த பிறகு அது அவளுடையது, பெட்டியில் வைப்பதும் தம்பிக்குக் கொடுப்பதும் அவள் விருப்பம். வேறு தோழிகளைத் தூது அனுப்பாதே. வகுப்பில் எல்லோரும் இருக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுது மன்னிப்புக் கேட்காதே. அது இன்னொரு பிரேயர் ஆகிவிடும்.

பள்ளி விட்டதும் பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்து போகும் வாய்ப்புக் கிடைத்தால், இரண்டே வாக்கியம் சொல்: "பிரேயரில் உன் பெயரைச் சொன்னது தப்பு. நீ எவ்வளவு சங்கடப்பட்டிருப்பாய் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது." ஆசிரியைக்கு இந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்பதை நீ எழுதவில்லை. ஒருவேளை நீயே யாரிடமாவது சொல்லி, அது அவர் காதுக்குப் போயிருந்தால், அதையும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடு. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அவள் பதில் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாலும் வருத்தப்படாதே. அவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். ஆசிரியையிடமும் ஒரு நாள் தனியாகப் போய், இனி இதைப் பற்றி வகுப்பில் பேச வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள். அவர் புரிந்துகொள்வார்.

தூக்கத்தைச் சரிசெய்த பிறகும் அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பள்ளிக்குப் போகவே பிடிக்காமல் போனால், அம்மாவிடம் சொல்லிவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கூப்பிடு. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அவளிடம் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்ன பிறகு, நான்கைந்து நாள் விட்டு, மதிய மணி அடித்ததும் உன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் உட்காரும் இடத்துக்கு நீயே போ. பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார். அவள் டப்பாவைத் திறக்கும்போது, உன் டப்பாவின் மூடியைத் திருப்பி அவள் பக்கம் நீட்டி, "துவையல் இருக்கா?" என்று கேள். அன்றைக்கு இல்லை என்று சொல்லலாம். உண்மையாகவே இல்லாமலும் இருக்கலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி கேள். அவள் வைக்கிற நாளில், போதும் போதும் என்று கையால் தடுக்காதே. அவள் வைக்கிற அளவை அப்படியே வாங்கிக்கொண்டு, மூடியில் ஒட்டியிருப்பதையும் சோற்றால் வழித்துச் சாப்பிடு. காரம் கூடுதலாக இருந்தால் அதையும் சொல், முன்பெல்லாம் சொல்லியிருப்பாய்.